ஸ்டெல்லாவின் கழுத்துவலி

எனக்கு வலி இல்லை. இருப்பதாகப் பொய் சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரியின் வலியை அவள் கண்ணெதிரிலேயே எடுத்து என்னுடையதாக்கிக்கொண்டேன்.

இரண்டாயிரமாம் ஆண்டைத் தாண்டிய முதல் சில வருடங்கள். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் டேட்டா என்ட்ரி அலுவலகம். நாள் முழுக்கக் கணினியில் தட்டச்சு. உட்கார இரும்பு மடக்கு நாற்காலி. எனக்கு அடுத்து வடமதுரை ஸ்டெல்லா. கணவன் விட்டுப்போனவள், ஒரு பெண் குழந்தை.

சாப்பிடும்போது சொல்வாள்: "கழுத்துல புடிச்சு, தோள் வழியா எறங்கி, சுண்டு விரல் மரத்துப் போகுதுக்கா. கையத் தூக்கித் தலை சீவ முடியல."

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அவள் டப்பாவிலிருந்து வெஞ்சனத்தை எடுத்துத் தின்றபடியே கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் முதலாளி ஒரு பிசியோதெரபி டாக்டரம்மாவை அழைத்து வந்தார். எப்படி உட்காருகிறோம், திரை எந்த உயரத்தில் இருக்கிறது, மணிக்கட்டு எப்படி மடங்குகிறது என்றெல்லாம் பார்த்த அவர், ஒவ்வொருவரிடமும் வலியைப் பற்றிக் கேட்டார். ரொம்பவும் முடியாத ஒருவருக்கு மட்டும் இப்போதைக்கு முதுகைத் தாங்கும் சுழல் நாற்காலி வாங்கித் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா என்னிடம்தான் முதலில் வந்தார். ஸ்டெல்லா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்... சுண்டு விரல்வரை.

ஏன்? ஆசை. வேறென்ன பெயர் வைப்பது? நீங்களாவது சொல்லுங்கள்.

அடுத்து அவள் முறை. அதே வலியை அவளும் சொன்னால் யார் நம்புவார்? என்னை ஒருமுறை பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்றாள்.

நாற்காலி எனக்கு வந்தது. சாய்ந்தபோது சுகமாகத்தான் இருந்தது... அதையும் மறைக்கமாட்டேன். சில மாதங்களில் ஸ்டெல்லாவின் வலக்கையில் டம்ளர்கூட நிற்கவில்லை. தப்பும் தவறுமாக அடிக்கிறாள் என்று முதலாளி அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அன்றாவது நான் வாய் திறந்திருக்கலாம். திறந்தால் என் வேலையும் போகுமே! தலைகுனிந்து தட்டிக்கொண்டிருந்தேன்.

வெகுகாலம் கழித்து வடமதுரை பேருந்தில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். எனக்கு ஜன்னலோர இருக்கை. அவள் நின்றுகொண்டிருந்தாள், இடக்கையால் கம்பியைப் பிடித்தபடி. நான் முகத்தைத் திருப்புவதற்குள் கண்டுகொண்டாள்.

"அக்கா... ஒங்களுக்குக் கழுத்துவலி இப்பத் தேவலையா?"

அந்தக் குரலில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லவே இல்லை. அப்படியென்றால் அன்று அவள்... என் வலியை நம்பியா நாற்காலியை விட்டுக்கொடுத்தாள்...?

"இப்பத் தேவலை ஸ்டெல்லா" என்றேன்.