பக்கத்து அறைக்குக் கேட்ட ஜெபம்

சென்ற நவம்பரில், போலந்தில், என் விடைத்தாளில் பேராசிரியர் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுக் கொடுத்தார். மதிப்பெண் இல்லை.

நான் செஞ்சிக்காரி. கம்ப்யூட்டர் படிக்கிறவள். எங்கள் கல்லூரி என்னை ஒரு வருடப் படிப்புக்கு அங்கே அனுப்பியிருந்தது. நம் துறைக்கு வெளியே ஒரு பாடம் எடுத்தே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. 'தாவரங்களை வரைதல்' என்றிருந்தது. படம்தானே என்று உடனே டிக் அடித்தேன். எனக்கு எல்லாமே உடனேதான்.

முதல் தேர்வில் மேசைமேல் ஒரு பூவை வைத்து வரையச் சொன்னார்கள். நான் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்திருந்த செம்பருத்திப் பூவை வரைந்து, ஸ்கேல் வைத்துப் பாகம் குறித்து, முதல் ஆளாகக் கொடுத்தேன். மேசையில் இருந்தது ஆறு இதழ் உள்ள ஏதோ வெள்ளைப் பூ.

"படம் நல்லா இருக்கு. இந்தப் பூ எங்கே இருக்கு?" என்று பேராசிரியர் கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

ஜனவரித் தேர்விலும் தவறினால் பாதியில் ஊர் திரும்ப வேண்டும். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். செஞ்சியிலிருந்து அனந்தபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஏறுகிறவர்களிடமெல்லாம் என் படிப்பைச் சொல்லியிருந்தார். அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

தினமும் ஜெபித்தேன், தலையணையில் முகம் புதைத்து. எங்கள் சபையில் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்போம். அந்த விடுதியிலோ கதவைக்கூட ஓசைப்படாமல் மூடுவார்கள். வெட்கமாக இருந்தது. பதிலும் வரவில்லை. கர்த்தர் செஞ்சியிலேயே தங்கிவிட்டாரோ என்றுகூடத் தோன்றியது.

டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை போனில் அம்மாவிடம் உடைந்துவிட்டேன். ஊரில் சபை ஆராதனை முடிந்த நேரம். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டார்.

"இன்னாத்துக்குடி வாயை மூடிக்கினு அழுவற? தொறந்து கேளு" என்றார்.

அந்தப் பக்கம் அத்தனை குரல்கள். இந்தப் பக்கம் நான். கத்தித்தான் ஜெபித்தேன்.

கதவு தட்டும் சத்தம். வார்டன் என்று பயந்துகொண்டே திறந்தேன். பக்கத்து அறைக் காஷா, முகம் வெளுத்து நின்றாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே? உள்ள எத்தனை பேர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நான் மட்டும்தான்."

போனிலிருந்து அம்மா, "யாருடி அது? சாப்டுச்சான்னு கேளு" என்றார்.

கேட்டேன். காஷா சிரித்துவிட்டாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் அழுத காரணத்தைச் சொல்லி விடைத்தாளைக் காட்டினேன். அவள் தாவரவியல் மாணவி. "இந்தப் பாடத்துல நானும் ஒருதரம் ஃபெயில்" என்றாள்.

மறுநாளிலிருந்து வரையப் பழக விடுதிச் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். வெங்காயம், முட்டைக்கோஸ், கையில் கிடைத்தது எதுவோ அது. காஷா முதலில் பென்சிலைத் தரமாட்டாள்.

"பாரு."

"பார்த்துட்டேன்."

"இல்ல. உனக்குத் தெரிஞ்சதை நெனச்சிட்டிருக்கே."

எரிச்சலாக வரும். ஆனால் ஒருநாள் ஒரே முட்டைக்கோஸ் இலையின் நரம்புகளில் மாலை முழுவதும் போய்விட்டது. போனைத் தொடவே இல்லை.

ஜனவரித் தேர்வில் தேறினேன். விளிம்பில் தப்பித்த மதிப்பெண்தான். ஆனாலும் வருடத்தை முடித்துவிட்டுத்தான் ஊர் வந்தேன். கர்த்தருக்கு நன்றி.

முன்பெல்லாம் ஜெபத்திலும் மனப்பாடமாக இருப்பதை வேகமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். அவர் என் எதிரே எதை வைத்திருக்கிறார் என்று பார்த்ததே இல்லை. இப்போது கொஞ்சம் உட்காருகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஜெபித்தும் பதில் வரவில்லையே என்று சோர்ந்திருக்கிறீர்களா? முணுமுணுப்பையும் கர்த்தர் கேட்கிறவர்தான். ஆனால் எனக்கு அவர் அனுப்ப நினைத்தவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவளுக்கும் கேட்க வேண்டியிருந்தது. அதனால் அவரை நம்பி வாய்விட்டுக் கேளுங்கள். யாராவது கதவைத் தட்டினால், அழுத முகத்தோடேயே போய்த் திறங்கள்.