போயிட்டு வரும் லித்தியம்

சூசைநாதனிடம் என்ன வேலை என்று கேட்டுவிட்டால் போச்சு, தேநீர் ஆறிவிடும். தேக்கா உணவங்காடியில் எத்தனை பேரை அப்படிப் பிடித்து வைத்திருக்கிறார்! "பேட்டரிக்கு எக்ஸ்ரே எடுக்கிறேன்" என்பார். கேட்டவர் சிரிப்பார். அதோடு விடமாட்டார். பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா' வேறு.

"செத்தப்புறம் அறுத்துப் பாத்து என்ன பிரயோசனம் லா? காத்து பட்டதும் உள்ள எல்லாம் மாறிடும். ஓடும்போதே பாக்கணும்."

பல்கலைக்கழக ஆய்வகமொன்றில் சன்னலில்லாத அறை. குட்டி பேட்டரியைக் கதிருக்கு நேரே பொருத்தி, மின்னேற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஏற்றும்போது லித்தியம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். இறக்கும்போது திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் துளி அங்கேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். அப்படித்தான் பேட்டரி நலிகிறது. இதில் வேடிக்கை, லித்தியம் எக்ஸ்ரேயில் லேசில் சிக்காது. அது குடியிருக்கும் அடுக்குகள் விரிவதும் சுருங்குவதும்தான் தெரியும். இப்போது வீட்டில் காத்திருக்க ஆளில்லாததால் ஞாயிறு பூசை முடிந்தும் அங்கேதான் போவார்.

மனைவி பிலோமினம்மாள் காலமானபின் ஜாலான் புசார் வீட்டில் அவரும் மகள் அபிகேலும்தான் இருந்தார்கள். நான் அடுத்த வீட்டுக்காரன். அந்தப் பெண் பள்ளிக்குப் புறப்படும்போதெல்லாம் "போறேன்ப்பா" என்பாள். ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் பேசுகிற பிள்ளை. மனுஷர் லிஃப்ட் வரை துரத்துவார். "போறேன்னு சொல்லாதம்மா. போயிட்டு வர்றேன்னு சொல்லு." அறிவியல் படித்தவருக்குச் சகுனம் எதற்கு என்று நான் கிண்டல் செய்தால் முறைப்பார்.

படிக்க மெல்பர்னுக்குப் போனவள் வேலை கிடைத்து அங்கேயே இருந்துவிட்டாள். சென்ற கிறிஸ்துமசுக்கு வந்தபோது, இங்கே ஒரு நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. "போய் யோசிச்சிட்டுச் சொல்றேன்ப்பா" என்றாள். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் அறைக்குப் புது மின்விசிறி மாட்டினார். கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் "பிள்ள வந்துரும்" என்றார். யோசிக்கிறேன் என்றுதானே அவள் சொன்னாள். ஆனால் ஆசைப்படுகிறவரிடம் என்னத்தைச் சொல்வது?

அவள் திரும்பும் நாளில் சாங்கி விமான நிலையத்துக்கு நானும் போனேன். உள்ளே நுழையுமுன் அபிகேல் திரும்பி, யாரும் சொல்லாமலே, "போயிட்டு வர்றேன்ப்பா" என்றாள். சூசைநாதன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! டாக்சியில் வழிநெடுக அதே பேச்சு. "கேட்டியா? அவளாவே சொன்னா!"

மறுநாள் மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. நானும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, வீட்டுக்கு வந்துட்டேன்."

என்ன நினைத்தாரோ, சட்டென்று வாசலைப் பார்த்தார். கதவு சாத்தித்தான் இருந்தது. அவள் மெல்பர்ன் வீட்டிலிருந்து பேசுகிறாள்.

"சரிம்மா. சாப்பிட்டியா?" என்றார். வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டுத் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அவ தமிழ்ல தப்பே இல்ல லா," என்றார்.