புளி போட்டுத் தேய்த்த பேட்டரித் தட்டு

எங்கள் வீட்டுக் காரின் பேட்டரித் தட்டைத் துரு தின்றதற்குக் காரணம் நான்தான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது. வெட்கங்கெட்டவன் என்று யாராவது திட்டினால் திட்டட்டும், எனக்கு வேண்டியதுதான்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குக் கடலைக்காடும் வயலும் இருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலைமேல் எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து எங்கள் அய்யன், அதாவது அப்பா, அந்தப் பழைய காரை வாங்கினார். அதை ஓட்ட ஒரு டிரைவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், ஏழு வருஷமாக எங்களிடமே இருந்தார். நான் காலேஜுக்குப் போய்ப் பரீட்சையில் தோற்று ஊர் திரும்பியவன். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் அடித்த கூத்து கொஞ்சமல்ல.

அந்தக் காலத்துக் கார்களில் பேட்டரி டிரைவரின் காலடியில் இருக்கும். தரைப் பலகையைத் தூக்கினால், ஓர் இரும்புத் தட்டில் கருங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து சிந்தும் திராவகம் இரும்பை அரிக்கும். டிரைவர் மாதம் ஒருமுறை பேட்டரியை இறக்கி, வண்ணார் வெளுக்கப் போடும் உவர்மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தட்டில் ஊற்றுவார். புஸ்ஸென்று நுரைத்து அடங்கும். அதன்பின் உப்புத்தாளால் துருவைச் சுரண்டி, கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைப்பார். கோயமுத்தூர் ரோடு போடுகிறவர்களிடம் கேட்டு வாங்கிய தாரை உருக்கி மேலே பூசுவார். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஏழு வருஷத்தில் அந்தத் தட்டில் ஒரு பொட்டு ஓட்டை விழவில்லை.

எனக்கு அந்தத் தாரைக் கண்டாலே ஆகாது. ஒரு ஆயுத பூஜைக்கு வீட்டுக் குத்துவிளக்கு, தாம்பாளம், கொழு, மண்வெட்டி எல்லாம் புளியும் சாம்பலும் பட்டுப் பளபளத்தபோது, கார் மட்டும் ஏன் உள்ளே கன்னங்கரேலென்று இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"தாரையெல்லாம் சுரண்டிப்போட்டு புளி போட்டுத் தேயுங்க. சாமிக்கு வைக்கற வண்டி இது" என்றேன்.

டிரைவர் தயங்கினார். "ஏனுங்க சின்னவரே, புளிப்புக்குப் புளிப்பு ஆகாதுங்க. ஏற்கெனவே திராவகம் ஊறின இரும்புங்க அது."

"இங்கிலீஷ் புஸ்தகம் படிச்சது நீங்களா நானா?"

அவர் தாரை மட்டும் சுரண்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். புளியை நானே தேய்த்தேன். தட்டு வெள்ளித் தட்டாட்டம் மின்னியது. சந்தனம், குங்குமம் வைத்து, பேட்டரியைத் திரும்ப ஏற்றச் சொன்னேன். இனி மாசாமாசம் இதை இறக்க வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவைத்தேன். காருடன் வந்த புத்தகத்தை அன்றுவரை நான் திறந்ததே இல்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் திறந்தேன். திராவகத்தை முறிக்கக் காரத் தண்ணீர் ஊற்று, துருவைச் சுரண்டு, உலர்த்து, தார்ப்பூச்சு பூசு என்று அதில் போட்டிருந்தது. டிரைவர் செய்துவந்தது அப்படியே! படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஐப்பசி மழை விட்டதும் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். தட்டு செக்கச்செவேலென்று பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் தொட்டால் அப்பளமாக உதிர்ந்தது. அப்போதே அவரைக் கூப்பிட்டு, "தப்புப் பண்ணிட்டேன், என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தால் ஒரு நாளில் வேறு தகடு அடித்து மாட்டியிருப்பார். கேட்டேனா? ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய கறுப்புப் பெயிண்டை எடுத்து, தெரிந்த இடமெல்லாம் துருவின் மேலேயே பூசி மூடினேன்.

கார்த்திகையில் அவராகவே வந்தார். "அந்தப் பேட்டரிய ஒருக்கா எறக்கிப் பாத்துப்போடலாங்களா?"

"நான் பார்த்தாச்சு. நல்லாத்தான் இருக்குது. நீங்க அதத் தொட வேண்டாம்."

"செரிங்க" என்று போய்விட்டார்.

தை மாதம் என் தங்கைக்கு ஒரு வரன் பேச அய்யன் கோயமுத்தூர் கிளம்பினார். நானும் கூடப் போனேன். வாளையார்க் காட்டில் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததும் கீழே டமாரென்று சத்தம். தட்டு இற்றுப்போய், பேட்டரி கல்லில் மோதி உடைந்து, ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னவென்று குனிந்து பார்த்த அய்யனின் ஜரிகை வேட்டி சிந்திய திராவகத்தில் தோய்ந்துவிட்டது. கடைசியில் வைக்கோல் ஏற்றிப்போன ஒரு மாட்டுவண்டியில் ஏறித்தான் மாப்பிள்ளை வீடு போய்ச் சேர்ந்தோம். அங்கே பாயில் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்தபோது வேட்டியின் கரை பொடிப்பொடியாக உதிர்ந்தது. எதிரே இருந்த பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

மறுநாள் காரை மாடு கட்டி இழுத்து வந்தார்கள். அய்யன் அந்தத் தட்டைக் கையில் எடுத்தார். என் கறுப்புப் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது, உள்ளே முழுக்கத் துரு.

"இதப் பாக்க வேண்டிய வேலை ஆரோடது?" என்று கேட்டார்.

டிரைவர் என்னைப் பார்த்தார். அவர் சொல்ல மாட்டார், நானே சொல்லட்டும் என்று காத்திருந்தார். அது எனக்குப் புரிந்தது. புரிந்துதான் சொன்னேன்.

"வண்டிக்கு டிரைவர்தானுங்க அய்யா பொறுப்பு."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றே அவரை நிறுத்திவிட்டார் அய்யன். போகும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். மூணாறுப் பக்கம் எஸ்டேட்டுகளில் டிரைவருக்கு ஆள் எடுக்கிறார்கள், பழைய முதலாளியின் கத்து இருந்தால்தான் துரைமார் சேர்ப்பார்கள், ஒரு கத்து வேண்டும் என்றார். மலையாளம் கலந்த எங்கள் பக்கத்தில் கடிதத்துக்குக் கத்து என்பதுதான் வார்த்தை.

அவரைத் திண்ணையில் இருக்கச் சொல்லிவிட்டு அய்யன் என்னை உள்ளே கூப்பிட்டார். "கவனம் பத்தாது, வண்டியக் கெடுத்துப்போட்டான்னு உள்ளத எழுதிக் குடு. இன்னொருத்தன் ஊட்டு வண்டி கெட வேண்டாம்." அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் நம்பியதைச் சொன்னார்.

இங்கிலீஷில் எழுத வேண்டும். அய்யனுக்கும் அது தெரியாது, டிரைவருக்கும் தெரியாது. இவரைப்போல வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது என்று நான் எழுதியிருந்தால் எந்தச் சாமி வந்து என்னைப் பிடித்திருக்கும்? பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் கவனமானவர் என்று என் கையால் எழுதிவிட்டால், பிறகு கவனமில்லாதவன் யார் என்று அந்தக் காகிதமே கேட்கும்போல இருந்தது. பயந்தாங்கொள்ளி! அய்யன் சொன்னபடியே எழுதினேன். கொடுத்தபோது டிரைவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாசிக் கடைசியில் கடலைக்காட்டில் நின்றிருந்தேன். வரப்பு மேல் டிரைவர் வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. மடியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிரித்து, அந்தக் காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"மூணு பங்களா ஏறி எறங்கிட்டேனுங்க. தொரை கத்தப் படிக்கறாரு, என்ன ஒருக்கா மேலயும் கீழயும் பாக்கறாரு, திருப்பிக் குடுத்துப்போடறாரு. இதுல என்ன எழுதிருக்குதுன்னு ஒருக்கா படிச்சுச் சொல்லுங்க சின்னவரே."

வாங்கினேன். என் கையெழுத்துதான். கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதித் தரலாம். ஆனால் ஏன் கிழிக்கிறேன் என்று அவர் கேட்பாரே! அவர் முகத்தைப் பார்க்காமல், காகிதத்தைப் பார்த்தே தமிழில் படித்தேன். ஏழு வருஷம் வேலை செய்தார், யோக்கியர், வண்டியைக் கண்போலப் பார்ப்பார். அதில் இல்லாத வார்த்தைகள் எத்தனை சரளமாக வந்தன!

அவர் தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு காகிதத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மடித்து, துணியில் சுற்றினார்.

"நல்லாத்தானுங்க எழுதிருக்கீங்க" என்றார். "எம்பட மூஞ்சிதான் அவுங்களுக்குப் புடிக்கலையாட்ட இருக்குது."