எனக்கு வாய்த்த ஒரே வாசகர்

கள்ளக்குறிச்சியில் நான் எழுதும் கதைகளைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரோடு நான் பேசக்கூடாது. அவர் என் மாமனார்.

குஜராத்தில் கட்ச் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். கடைவீதியில் எங்களுக்குப் பிளைவுட் கடை. ஊரில் எல்லோரும் எங்களைச் சேட்டு என்பார்கள். நகை அடகு பிடிப்பீங்களா என்று இன்றைக்கும் யாராவது வந்து நிற்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் குடும்பத்தில் மருமகள் மாமனார் முன்னால் முகம் மறைய முக்காடு போட வேண்டும். அவர் காதுபடக் குரல் எழுப்பக்கூடாது. சொந்த ஊரில் என் தங்கைகளெல்லாம் இதை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். பிழைக்க வந்த இடத்தில் நாங்கள்தான் கட்டிக்கொண்டு அழுகிறோம். மாமியார் போன பிறகாவது விட்டுவிடலாம் என்று பார்த்தேன். "அப்பா இருக்கிறவரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் கணவர். அவருக்கென்ன, அவரா முக்காடு போடுகிறார்?

கணவர் இங்கேயே தமிழில் படித்தவர். குஜராத்தி பேசுவார், ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. பிள்ளைகளும் அப்படித்தான். நான் எழுதுவதோ குஜராத்தியில். அங்கேயுள்ள ஒரு மாதப் பத்திரிகை என் சிறுகதைகளைப் போடுகிறது. தபாலில் வரும் இதழை முதலில் பிரிப்பது மாமனார்தான். படித்து முடித்ததும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளைக் கூப்பிடுவார். மணலூர்பேட்டைப் பக்கம், வாய் கொஞ்சம் நீளம். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சமையலறைக்கு வருவாள்.

"கதையில வர்ற பொண்ணு கடுக்கா மூட்டய தூக்கிக்கினு கல்வராயன் மலையிலேந்து நடந்தே வருதாமே. பஸ்ஸு வுடறாங்களே, இன்னாத்துக்கு நடக்க வுட்டீங்கன்னு கேக்குறாரு பெரிய சேட்டு."

நான் அவள் காதோடு சொல்வேன்: "பஸ்ஸைத் தவற விட்டுட்டாள்னு சொல்லு."

போன வேகத்தில் திரும்பி வருவாள். "தவற வுட்டான்னா அத்த எழுதணுமா வேணாமாங்குறாரு. எனக்கும் அதாம்மா தோணுது."

"உன்னை யாரு கேட்டா?"

"கேக்கலன்னா சொல்லக்கூடாதா இன்னா?"

என் கதைகளுக்கான விமர்சனமெல்லாம் இப்படி, கதையைப் படிக்காத ஒருத்தியின் வாய்வழியாக, தமிழில் வந்து சேர்ந்தது. பல நாள் பாத்திரத்தை நங்கென்று வைத்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு அது வேண்டியிருந்தது. அங்கே எத்தனை பேர் படித்தாலும் அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. இங்கே அடுத்த அறையில் ஒருவர் படித்துவிட்டு முணுமுணுக்கிறார் என்பதற்காகவே அடுத்த கதையை எழுத உட்கார்ந்தேன்.

போன வருடம் அவருக்குக் கண் மங்கியது. புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். விழித்திரை கெட்டுவிட்டது, இனி ஆபரேஷன் செய்தும் பயனில்லை என்றார் டாக்டர். ஆள் நடமாட்டம் நிழலாகத் தெரியும், எழுத்து தெரியாது.

அடுத்த இதழ் வந்தது. அதில் என் கதை. மாமனார் உறையைத் தடவிப் பார்த்துவிட்டு டீப்பாய் மேல் வைத்துவிட்டார். கணவர் தன் போனைப் படிக்கவைத்துப் பார்த்தார். அது இதழின் தலையங்கத்தைச் சின்னசேலம் ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பதுபோல் படித்தது. நாலு வரி தாண்டுவதற்குள் போதும் என்று மாமனார் கையை ஆட்டினார்.

என் கதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் வரும் கிழவர் சாட்சாத் அவரேதான். அவர் தனியாகப் படித்துக் கோபப்படட்டும், சொல்லி அனுப்பட்டும், நானும் பதில் சொல்லி அனுப்பிக்கொள்கிறேன் என்ற தைரியத்தில் எழுதியது. இப்போது நானே வாய்விட்டுப் படித்துக் காட்டாவிட்டால் என் வாசகர் போய்விடுவார். படித்தால் குடும்ப வழக்கம் என் கையால் உடையும். கதையைக் கேட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அவர் போனவர்தான். இரண்டு பக்கமும் பயமாக இருந்தது.

"நீங்களே படிச்சிக் காட்டுங்கம்மா" என்றாள் வேலைக்கு வரும் அம்மாள். "அவருக்குத்தான் மூஞ்சியே தெரியலியே, அப்பறம் இன்னாத்துக்கு முக்காடு?"

"குரல் கேட்குமே."

"கேட்டா கேட்டுட்டுப் போவட்டும்."

மறுநாள் மத்தியானம் கணவர் கடைக்குப் போனதும், முக்காட்டோடு அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அவர் முதுகு விறைத்தது. எழுந்து போகவில்லை. எனக்கே என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. கிழவரைப் பற்றி மருமகள் நினைக்கும் இடம் வந்ததும் நிறுத்தினேன். அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினேன்.

அவர் கையை உயர்த்தினார்.

"அந்தக் கிழவன் எங்கே போனான்?" குஜராத்தியில், என்னிடம், நேராக. இத்தனை வருடத்தில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி. "ஆரம்பத்திலே இருந்தானே. சொல்லாம கொள்ளாம ஆளைக் காணோம்."

விட்ட பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். எங்கள் வழக்கப்படி மாமனார் இறந்தால் மருமகள் வாய்விட்டு ஒப்பாரி வைக்கலாம். அன்றைக்கு மட்டும் அவர் எதிரே எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் பேசலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். கதையில் வரும் மருமகள் அந்த ஒரு நாளுக்காகத் திட்ட வேண்டியதையும் நன்றி சொல்ல வேண்டியதையும் மனசுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் வேறு யார், நான்தானே.

படித்து முடித்தேன். மாமனார் நாற்காலியை என் பக்கமாகத் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. நான் எழுந்து அவர் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு எனக்குக் காது கேட்காதேம்மா" என்றார். "இப்பவே சொல்லிடு."