உருளைக்கிழங்குச் சாக்கும் அம்மாவின் முடிச்சும்

இந்த ஊரில் குப்பையைக் கழுவித்தான் போடவேண்டும். லீட்ஸுக்கு வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டு அம்மையார் ஜாம் போத்தலைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு குப்பையோடு சேர்ப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கழுவிய பிறகு அது எப்படிக் குப்பையாகும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இலங்கையில், தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில் கழுவிய போத்தலுக்கு உடனே வேலை கிடைத்துவிடும். ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் மண்ணெண்ணெய். பால்மா டின்னில் ரோஜாச் செடி. கிழிந்த உரப்பை கோழிக்கூட்டுக்குக் கூரை. வீசுவதற்கு என்று எங்களிடம் எதுவும் மிஞ்சியதில்லை.

அப்படி வளர்ந்த எனக்குத்தான் போன மாதம் மகள் ஷெரினின் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை வினோத உடை ஊர்வலம். வீட்டில் வீசும் பொருட்களால் மட்டுமே உடை செய்யவேண்டும், கடையில் வாங்கக்கூடாது. ஷெரினுக்கு ஏழு வயது. பள்ளியில் சேர்ந்து மூன்று மாதமாகியும் விளையாட்டு நேரத்தில் வேலியோரம் தனியாக நிற்கிறாள் என்று அவளுடைய டீச்சர் சொல்லியிருந்தார். இந்த ஊர்வலத்திலாவது நாலு பிள்ளைகளோடு சேர்ந்துவிடமாட்டாளா என்று எனக்கு ஒரே தவிப்பு. அதனால் கடிதத்தை மூன்று முறை வாசித்துவிட்டு, நேரே கடைக்குப் போய் வெள்ளைச் சிறகும் மினுங்கும் கவுனும் தலைக்கு வளையமுமாக ஒரு முழுத் தேவதை உடையை வாங்கிவந்தேன்.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் அழைப்பிதழில் ‘சிம்பிளாக வாருங்கள்’ என்று போட்டிருந்தால், பட்டுச்சேலையை இஸ்திரி போடு என்று அர்த்தம். பதுளையில் நான் படித்த பள்ளியிலும் ஒருமுறை கழிவுப்பொருட்களில் வினோத உடைப் போட்டி வைத்தார்கள். தேயிலைச் செடி குத்தாமலிருக்கக் கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் ஒரு சாக்கைச் சுற்றிக் கட்டுவார்கள், அதற்குப் படங்கு என்று பெயர். அம்மா தன் பழைய படங்கை வெட்டி எனக்கு ஆட்டிடையன் அங்கி தைத்துக் கொடுத்தார். மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் மற்றப் பிள்ளைகள் எல்லாம் சாட்டின் துணியில் ராஜா, ராணி. டீச்சர் சொன்னதைக் கேட்டு வந்தவள் நான் ஒருத்திதான். அந்த வருடம் முழுவதும் வகுப்பில் என் பெயர் ‘சாக்கு’. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன்: இனிமேல் எந்த விழாவுக்கும் ஸ்கூல் பக்கம் வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பள்ளி வாசலுக்குப் போனபோதுதான் இந்த நாட்டில் சொன்னால் சொன்னதுதான் என்று தெரிந்தது. முட்டைப்பெட்டியில் ஒரு முதலை, சீரியல் பெட்டியில் ஒரு ரோபோ, செய்தித்தாளில் ஒரு மணப்பெண். நடுவில் எங்கள் தேவதை மட்டும் கடை வெளிச்சம் மாறாமல் மின்னிக்கொண்டிருந்தாள். முதலை உடைக்குள் இருந்த சிறுமி ஷெரினை மேலும் கீழும் பார்த்து, “இது வாங்கினதுதானே?” என்று கேட்டாள். ஷெரின் திரும்பி வந்து என் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “வீட்டுக்குப் போகலாம்மா” என்றாள்.

ஊர்வலத்துக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. அவளையும் இழுத்துக்கொண்டு பள்ளிச் சமையலறையின் பின்பக்கம் ஓடினேன். அங்கே ஒரு பெண் காலியான உருளைக்கிழங்குச் சாக்கைத் தொட்டியில் போடப்போனார். தடித்த பழுப்புக் காகிதச் சாக்கு. எனக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை, சாக்கைக் காட்டினேன். பசியோடு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம். “பிரேக்ஃபாஸ்ட் முடிந்துவிட்டது, டார்லிங். டோஸ்ட் இருக்கிறது, தரட்டுமா?” என்றார். சாக்கு மட்டும் போதும் என்றேன். சாக்கோடு கட்டுவதற்குக் கயிறும் ஒரு டோஸ்டும் கொடுத்தார்.

சிறகைக் கழற்றினேன். மீதியைக் கைகளே பார்த்துக்கொண்டன. சாக்கை மடித்து, முன்னால் வைத்து, இடுப்பைச் சுற்றி இழுத்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இடதுபக்கம் முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகினேன். என் வாழ்நாளில் ஒருமுறைகூட நான் படங்கு கட்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் அம்மா கட்டுவதைத் தினமும் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் என் அம்மா ஏழு வயதில் எதிரே நிற்கிறார்.

“நான் யாரும்மா?” என்றாள் ஷெரின். நான் வாயைத் திறப்பதற்குள் குனிந்து, சாக்கில் அச்சடித்திருந்த படத்தைப் பார்த்துவிட்டாள். “ஓ, பொட்டேட்டோ!” என்று கத்திக்கொண்டே ஓடினாள். முதலை அவளைத் துரத்திப் பிடித்துக் கடிப்பதுபோல் நடிக்க, இருவரும் கைகோத்து ஊர்வலத்தில் சேர்ந்தார்கள். நான் சிறகையும் டோஸ்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் என்னிடம் வந்தார். “அந்த முடிச்சு பிரமாதம். எங்கே கற்றீர்கள்?”

“என் அம்மாவிடம். தினமும் காலையில் கட்டுவார்.”

“ஓ, காஸ்ட்யூம் டிசைனரா?”

மலையையும் மழையையும் அட்டைக்கடியையும் விளக்க என் ஆங்கிலத்துக்கு அரைநாள் வேண்டும். “ஆமாம், முப்பது வருடம்” என்றேன். ஒரு பள்ளிக்கூடத்து முற்றத்தில் என் அம்மாவைப் பற்றி நான் பெருமையடித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஊர்வலத்தில் எடுத்த ஷெரினின் படத்தைத் தெமோதரைக்கு அனுப்பிய கையோடு அம்மாவே அழைத்துவிட்டார்.

“என்னாடி இது, புள்ளைக்குப் படங்கு கட்டி வுட்டிருக்கே? இதுக்கா அம்புட்டு தூரம் போனே?”

“இல்லம்மா, அவ உருளைக்கெழங்கு வேசம்.”

“வெலிமடைக் கெழங்கா, நுவரெலியாக் கெழங்கா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். “முடிச்சு சரியாத்தான் போட்டிருக்கே. ஆனா இன்னும் கொஞ்சம் ஏத்திக் கட்டணும். நடக்கையில கால்ல தட்டும்.”

அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில்தான் கேட்டேன். “அம்மா, அப்ப ஒங்கள ஸ்கூல் பக்கம் வரவேணான்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அதான் உள்ள வரல. ஸ்கூல் வாசல்ல கடல விக்கிற அம்மா கூட, கேட்டுக்கு வெளியவே நின்னு பாத்துட்டுப் போயிருவேன். ஓட்டப்போட்டியில நீ விழுந்து எந்திரிச்சு ஓடுனியே, அன்னைக்குக்கூட இருந்தேன். சரி, புள்ள சாப்புட்டாளா?”

அவள் டோஸ்ட் சாப்பிட்டாள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வந்துபோனது. போத்தல்களைக் கழுவி வைத்திருந்தேன். சாக்கை வைக்கவில்லை. வாசல் கதவுக்குப் பின்னால் தேவதைச் சிறகு தொங்கும் அதே கொக்கியில் அதுவும் தொங்குகிறது. ‘என் பொட்டேட்டோ’ என்று ஷெரின் தன் புதுச் சிநேகிதியிடம் காட்டுகிறாள். வேலைக்கு ஓடும் அவசரத்தில் கோட்டை எடுக்கக் கை நீட்டும்போது, எனக்கு முதலில் அகப்படுவது அம்மாவின் படங்கு.