சத்தமில்லாத வீச்சு

சென்னியம்மாளுக்குப் பாட வராது. முன்பு வந்தது. சேலத்தில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது பிரார்த்தனைப் பாட்டை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். இருபத்து மூன்றாம் வயதில் தொண்டை அடைப்பான் வந்து பிழைத்து எழுந்தபோது, பேச்சு மட்டும் கரகரவென்று மிஞ்சியிருந்தது.

1936இல் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், பெண்கள் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. பழைய சான்றிதழில் பாட்டுக்கு ‘நன்று’ என்று எழுதியிருந்ததால், மூன்றாம் வகுப்போடு சங்கீத வகுப்பும் அவள் தலையில் விழுந்தது. வேலை போய்விடுமே என்ற பயத்தில் குரல் போனதை அவள் சொல்லவில்லை.

பாட முடியாதவள் தாளத்தை எடுத்துக்கொண்டாள். ஒரு தட்டு, மூன்று விரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இருபத்தாறு பிள்ளைகளும் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்கள். ஆனால் நான்கு சுற்றுக்குள் வேகம் கூடி ஓட்டமெடுத்துவிடுவார்கள். கையைத் திருப்பும் வீச்சில் சத்தம் இல்லை. அங்கே காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. வாய்விட்டு எண்ணச் சொன்னாள். எண்ணிக்கையும் சேர்ந்து ஓடியது.

ஒரு நாள் காலை பள்ளிக்கு வரும் வழியில், ஒரு வாசலில் தாயும் மகளும் ஒரே உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளுடையது ஏறியது. மகள், வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் ஓடும் பாவாயி. இங்கே அவள் ஒருமுறைகூட முந்தவில்லை. முந்தினால் உலக்கைகள் மோதும்.

அன்று மத்தியானமே பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஓர் இரவல் உரல் வந்து இறங்கியது. பிள்ளைகள் இருவர் இருவராகக் குத்தினார்கள். பிறகு உலக்கையை வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி தட்ட, அவள் கை திரும்பும்போது மற்றவள் தட்டினாள். எதிரே இருப்பவளுக்கு விட வேண்டிய இடம் அது என்று தெரிந்ததும் வீச்சு நின்று நிதானமாக வந்தது.

மூன்றாம் நாள் பாவாயியின் அப்பா வெள்ளியங்கிரி வந்து நின்றார்.

“ஏனுங்க வாத்தியாரம்மா, உலக்கை புடிக்க ஊடு பத்தாதுங்களா? படிக்கத்தானுங்க இங்க அனுப்புனேன்.”

“படிப்புத்தானுங்க இது. செத்த நின்னு பாருங்க.”

அவர் நின்றார். பிள்ளைகள் பன்னிரண்டு சுற்று தட்டி ஒன்றாக நிறுத்தினார்கள்.

“சரீங்க. உரலை மட்டும் அனுப்பிப் போடுங்க. ஊர்ல சிரிக்கறாங்க” என்று சொல்லிப் போனார். உரல் திரும்பிப் போனது.

தை மாதம் பள்ளியைச் சோதிக்க இன்ஸ்பெக்டரம்மா வந்தார். தாளத்தைக் கேட்டுவிட்டு, “நல்லா இருக்கு. ஒரு பாட்டு எடுத்துக் குடுங்க” என்றார்.

பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். இனி மறைக்க வழியில்லை.

“என்னால பாட முடியாதுங்கம்மா. சீக்குல குரல் போயிருச்சு. முன்னாடியே சொல்லியிருக்கோணும்.”

இன்ஸ்பெக்டரம்மா தன் நோட்டில் நெடுநேரம் எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. சங்கீத வகுப்புக்கு ஆத்தூரிலிருந்து உண்ணாமலை என்ற இளம் ஆசிரியை வருவாள். மூன்றாம் வகுப்பு சென்னியம்மாளுக்கே. வேலை தப்பியது. ஆனாலும் முதல் வாரம் முழுக்க, பாட்டு காதில் விழாதபடி தன் வகுப்புக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள்.

அடுத்த வாரம் உண்ணாமலையே அந்தக் கதவைத் தட்டினாள்.

“அக்கா, புள்ளைங்க சரியாத்தான் தட்டுறாங்க. நான்தான் ஓடுறேன். எனக்கும் சொல்லித் தர்றீங்களா?”

அதன் பிறகு வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் ஒருத்தி பாட, ஒருத்தி தாளம் போட, இருவரும் ஒரே அறையில் வகுப்பு எடுத்தார்கள். 1944இல் உண்ணாமலை மாற்றலாகிப் போனாள். வேறு யாரும் வரவில்லை. அந்த நேரத்தில் கணக்குப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். சென்னியம்மாள் அரை மணி நேரம் கணக்கு எடுத்தாள். மீதி நேரம் பிள்ளைகளைச் சிலேட்டை ஓரமாக வைக்கச் சொல்லித் தாளம் போட்டாள்.