சுறா எண்ணெய் பூசிய துப்பாக்கி

என் வீட்டுக்காரர் கடல் தொழிலை விட்டுக் கத்திவாக்கத்து உப்பளத்தில் காவலுக்குச் சேர்ந்தபோது, குத்தகைக்காரர் ஒரு துப்பாக்கி கொடுத்தார். ஒற்றைக் குழல். ஒரு தோட்டாதான் பிடிக்கும். சுட்ட பிறகு மடக்கித் திறந்து வேறு போட வேண்டும். கடையில் இருந்ததிலேயே மலிவான சாமான் என்று அவரே சொன்னாராம். நரி விரட்ட அது போதாதா?

உப்புக்காற்றில் இரும்பு தங்காது. எங்கள் ஆட்கள் நங்கூரத்துக்குச் சுறா எண்ணெய் தடவுவார்கள். அந்தப் பழக்கத்தில் என் நாத்தனார் ஒரு சட்டி எண்ணெய் கொண்டுவந்து, தம்பியின் துப்பாக்கிக்கு உள்ளும் புறமும் பூசிவிட்டாள். வீடெல்லாம் ஒரே கவிச்சி. நாள்பட்டால் அது பிசின்போல இறுகிவிடும். நங்கூரத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. தோட்டாவை அடிக்கிற குதிரைக்கு உண்டு என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் ஓடைக்கரையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். மூன்று வயது மகள் பக்கத்தில் மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கரையோடு ஒரு நாய் வந்தது. வாயெல்லாம் நுரை. வெறிநாய் கடித்துப் பிழைத்தவரை எங்கள் குப்பத்தில் யாரும் பார்த்ததில்லை.

அவர் குடிசையிலிருந்து ஓடிவந்து பக்கவாட்டில் நின்று குறி பார்த்தார். 'டொக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். மறுபடி இழுத்துவிட்டார். அதற்கும் வெடிக்கவில்லை.

"தண்ணில எறங்குமே! அது தண்ணிக்கு வராது!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

குழந்தையை வாரிக்கொண்டு ஓடையில் இறங்கினேன். கழுத்துவரை தண்ணீர். நாய் கரையில் நின்று எங்களையே பார்த்தது.

"சுட்றா! இன்னாடா பாத்துகினு கீறே?" என்று குடிசை வாசலிலிருந்து நாத்தனார் கத்தினாள்.

"குதிர ஒட்டிகினுதுக்கா! எல்லாம் ஒன் எண்ணெ பண்ண வேல!"

"என் எண்ணெய அப்பால திட்டு! கிருஷ்ணாயில ஊத்துடா அதுமேல!"

அவளே ஓடிப்போய் விளக்கைக் கொண்டுவந்து மண்ணெண்ணெயைக் கவிழ்த்தாள். அவர் குதிரையை இழுத்து இழுத்துவிட்டுப் பார்த்துவிட்டு, துப்பாக்கியை மறுபடி தூக்கினார். சுடவில்லை. நாய்க்கு நேர் பின்னால் நாங்கள்.

"தள்ளிப் போமே! குண்டு செதறும்!"

தள்ளிப் போனேன். நாயும் கரையோடு கூடவே வந்தது. கடலின் நீரேற்றம் வேறு, தண்ணீர் மோவாயைத் தொட்டது. நாத்தனார் எதிரில் அவரிடம் நான் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அன்றும் வாய் வரவில்லை. இனி நகர முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"முங்கு! கொயந்த வாயப் பொத்திகினு முங்கு!" என்றார் அவர்.

முங்கினேன். தண்ணீருக்குள்ளேயே வெடிச்சத்தம் கேட்டது.

எழுந்தபோது நாய் கரையில் சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினேன். என் கையில் ரத்தம்.

"ஐயோ, நாய்ப் பல்லு பட்டுகினுதுடா!" என்று நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டாள்.

அவர் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார். வரிசையாகப் பல் தடம். அவர் உதடு வெளுத்துவிட்டது. எனக்கோ இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

இருமி முடித்த மகள்தான் சொன்னாள்: "நாந்தான் கட்சேன். அம்மா ஏன் மூக்கப் பொத்திச்சி?"

அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"கயித! ஒங்கப்பன் துப்பாக்கிய விட ஒன் பல்லு தேவல" என்றாள் நாத்தனார்.

அவர் என் கையை விடவே இல்லை. நாத்தனார் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.